ஏழாம் நம்பர் கட்டில்

எங்க மச்சான் அப்பல்லாம் என்னை யார்கிட்ட அறிமுகப்படுத்தினாலும் ஒரே வார்த்தைதான். "இவர்தான் என் லிஃப்ட்."

கேக்கறவங்க சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். என் வேலையே லிஃப்ட் ரிப்பேர்தான். முப்பது வருஷமா இருட்டுப் பொந்துக்குள்ள பெல்ட்டு மாட்டித் தொங்கிட்டு வேலை பாக்கறவன். உயரம்னா எனக்கு பயம் கிடையாது. மச்சானுக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும். அதனால மரத்துல ஏற வேண்டியது எல்லாம் என் பங்கு. அவர் சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா ஒரே ஜோக்குக்குப் பதினாலு வருஷம் சிரிச்சுப் பாருங்க, அப்ப தெரியும்.

மரத்துல ஏறி என்ன பண்றோம்னு சொல்லிடறேன். பைன் மாதிரி ஊசியிலை மரங்கள்ல எப்பவாவது ஒரு கிளையில மட்டும் ஏதோ கோளாறாகி, குச்சியெல்லாம் குட்டை குட்டையா, நெருக்கமா, பந்து மாதிரி வளந்துடும். கீழேருந்து பாத்தா காக்கா கூடுன்னுதான் நினைப்பீங்க. சூனியக்காரி துடைப்பம்னு அதுக்குப் பேரு. நாங்க சுருக்கமா கொத்துன்னு சொல்லுவோம். அதுலேருந்து நாலு குச்சி வெட்டி, சாதாரண பைன் நாத்து மேல ஒட்டுக்கட்டினா, பெரிய மரமா ஆகாம அந்தப் பந்து மாதிரியே குட்டிச் செடியா வளரும். பத்து வருஷம் ஆனாலும் முழங்கால் உயரம் தாண்டாது. ஒவ்வொரு கொத்தும் ஒரு தினுசு. அந்த ஒரு கிளையைத் தவிர வேற எங்க தேடினாலும் கிடைக்காது. அதுதான் இதுல இருக்கற பைத்தியம்.

"வீட்ல துடைப்பம் எங்க இருக்குன்னு கேட்டா முழிக்கறது. ஊர்ல இருக்கற மரத்துல எல்லாம் துடைப்பம் தேடறது"ன்னு என் மனைவி திட்டுவா. ரெண்டு பேரையும் சேத்துத்தான் திட்டுவா. மச்சான் அவளோட கூடப்பொறந்த அண்ணன்.

அவர் தையல்காரர். கடைவீதியில கோட்டு, பேன்ட் தைக்கற சின்னக் கடை. ஊசியில நூல் கோக்கறதுக்குக் கண்ணாடியே போடாத மனுஷன். அந்தக் கை ஒட்டுக்கட்டினா பத்துக்கு ஒம்பது பிடிச்சுக்கும். எங்களை மாதிரி முப்பது நாப்பது பேர் இருக்கோம். வருஷத்துக்கு ஒரு தடவை லைப்ரரி ஹால்ல மேசை போட்டு அவங்கவங்க செடியை வச்சுப் பேசிக்கறதுதான் எங்க கூட்டம். அங்க எழுதி வைக்காத சட்டம் ரெண்டு உண்டு. கொத்தை முதல்ல கண்ணால பாத்தவருக்குத்தான் பேரு வைக்கிற உரிமை. ரெண்டாவது, ஒரு கொத்து ஒரே வீட்ல மட்டும் இருக்கக்கூடாது. முதல் செடி பிடிச்ச உடனே இன்னொருத்தர் வீட்டுக்குக் குச்சி போயிடணும். ஒரு வீட்ல செத்தாலும் இன்னொரு வீட்ல உசுரோட இருக்கும்ல, அதுக்குத்தான்.

இதுல ரெண்டாவது சட்டத்தை நான் உடைச்சேன். எப்படி உடைச்சேன்னுதான் சொல்ல வந்தேன்.

ஆறு வருஷம் முன்னாடி, குளிர்காலம் முடியற நேரம், மச்சானுக்கு ஒரு கண்ணுல விழித்திரை கழண்டுடுச்சு. ஆஸ்பத்திரியில சேத்தாங்க. ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் காத்திருக்கணும்னு சொன்னாங்க. ரெண்டாம் நாள் காலையில எனக்கு போன் பண்றார்.

"மாப்ள, உடனே கிளம்பி வாங்க."

"என்ன மச்சான், வலிக்குதா?"

"கண்ணு கிடக்குது கண்ணு. நீங்க வாங்க. வரும்போது பெல்ட்டும் எடுத்துட்டு வாங்க."

போனா, கட்டில்ல நிமிந்து உக்காந்திருக்கார். ஒரு கண்ணுல கட்டு. இன்னொரு கண்ணு ஜன்னலுக்கு வெளியே. நர்ஸம்மா என்னைப் பாத்து, "நீங்களாவது சொல்லுங்க சார். அது காக்கா கூடுன்னு சொன்னா என்கூட சண்டைக்கு வர்றார்"னாங்க.

"சிஸ்டர், காக்கா கூடு கட்டினா அதுல பச்சை இருக்குமா? நீங்களே சொல்லுங்க." மச்சான் விடல. "மாப்ள, மூணாவது மரம், உச்சியிலேருந்து ரெண்டாவது கிளை. எனக்கு ஒத்தைக் கண்ணுக்கே தெரியுது."

பாத்தேன். கொத்துதான். அடர்த்தியா, அமுக்கி வச்ச பந்து மாதிரி. அடிமரத்துல சிவப்புப் பெயின்ட்ல பெருக்கல் குறி போட்டிருந்துச்சு. காவலாளிகிட்ட விசாரிச்சா, கார் நிறுத்த இடம் பண்றாங்களாம், அடுத்த வாரம் அந்த வரிசை மொத்தமும் போகுதாம். "வெட்டப்போற மரம்தானே, ஏறிக்கோங்க, விழுந்தா மட்டும் நேரா எமர்ஜென்சிக்கு நீங்களே நடந்து போயிடணும்"னார். மறுநாள் ஏறினேன். கொத்துலேருந்து இருபது குச்சி வெட்டி, ஈரத்துணியில சுத்தி எடுத்துட்டு உள்ள போனேன்.

அதுக்குள்ள மச்சானுக்கு ஆபரேஷன் முடிஞ்சிருந்துச்சு. அந்த ஆபரேஷன் பண்ணா அஞ்சாறு நாள் குப்புறவே படுத்திருக்கணும். நடுவுல ஓட்டை வச்ச தலையணையில மூஞ்சியைப் புதைச்சுப் படுத்திருந்தார். கை மட்டும் கட்டில் ஓரமா தொங்கிட்டிருந்துச்சு. என் மனைவி பக்கத்துல உக்காந்து அந்த மூஞ்சிக்குக் கீழ ஸ்ட்ராவை விட்டு ஜூஸ் குடுத்துட்டிருந்தா.

நான் ஒரு குச்சியை அவர் விரல்ல வச்சேன். தடவினார். துணி வாங்கறப்ப ரெண்டு விரலால நெருடிப் பாப்பாரே, அதே மாதிரி.

"முனை கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு." தலையணைக்குள்ளேருந்து குரல் வருது. "எல்லா ஊசியும் ஒரே பக்கமா வளையுது மாப்ள. இடப்பக்கம். இப்படி ஒண்ணு நான் தொட்டதே இல்ல."

"பேரு என்ன வைக்கப் போறீங்க?"

"வச்சுட்டேன். ஏழாம் நம்பர் கட்டில்."

என் மனைவி சிரிச்சுட்டா. "ஏண்ணா, செடிக்கு யாராவது இப்படிப் பேரு வைப்பாங்களா?"

"குப்புறப் படுத்துப் பாரு, அப்ப தெரியும் இந்தக் கட்டிலோட அருமை."

கண்ணு சரியாக மூணு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லிட்டார். குச்சி மூணு மாசம் தாங்காது. ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் மூணு நாலு வாரம்தான்.

"நீங்கதான் கட்டணும் மாப்ள."

"நானா? எனக்கு ஏறத்தான் தெரியும்."

"பக்கத்துல நின்னு இத்தனை வருஷம் பாத்திருக்கீங்கல்ல? கட்டுங்க. வேற யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசு இல்ல."

எனக்கு பயமாவும் இருந்துச்சு, உள்ளுக்குள்ள சந்தோஷமாவும் இருந்துச்சு.

குச்சியில நல்லதாப் பன்னெண்டு பொறுக்கி, பன்னெண்டு நாத்தும் வாங்கி, சமையல்கட்டு மேசையில பேப்பர் விரிச்சு உக்காந்தேன். பைனுக்கு நாத்தோட தலையை வெட்டக்கூடாது. அடித்தண்டுல பக்கவாட்டுல தோலைச் சீவி, கொத்துக் குச்சியையும் அதே அளவுக்குச் சீவி, ரெண்டையும் ஒண்ணா வச்சு ரப்பர் நாடா சுத்தணும். ஒட்டு பிடிக்கற வரைக்கும் நாத்தோட தலைதான் சாறை மேல இழுக்கும். பிடிச்சதுக்கு அப்புறம் அந்தத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எடுத்துடணும். வெட்டலன்னா நாத்துதான் வளரும். ஒட்டு அதோட நிழல்ல கிடந்து செத்துடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

அன்னைக்கு ரெண்டு தடவை கட்டைவிரலை வெட்டிக்கிட்டேன். "செடிக்கு ஆபரேஷனா, உங்களுக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே அவ பிளாஸ்டர் ஒட்டி விட்டா.

ஆறு வாரம். பன்னெண்டு ஒட்டும் பழுப்பாச்சு. ஊசியைத் தொட்டா உதிருது. மச்சான் போன்ல தினமும் கேப்பார், நான் மழுப்பிட்டிருந்தேன். அன்னைக்குச் சொல்லிட்டேன்.

"எல்லாம் போயிடுச்சு மச்சான். ஒண்ணுகூட இல்ல."

மரத்தையும் அதுக்குள்ள வெட்டிட்டாங்க. திரும்பப் போய் எடுக்கவும் வழி இல்ல.

"தப்பு என்னோடது மாப்ள"ன்னார். "முதல் தடவையே இதைப் போய் உங்க தலையில கட்டினேன் பாருங்க. மனசுல வச்சுக்காதீங்க."

அது வரைக்கும் நான் பொய் சொல்லல. அதை மட்டும் நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்.

தூக்கிப் போடறதுக்காகப் பன்னெண்டு தொட்டியையும் பின்பக்கம் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். மூணு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை சாக்கு எடுத்துட்டுப் போனா, ஒம்பதாவது தொட்டியில, ஒட்டின குச்சியோட பழுப்புக்கு நடுவுல ஒரு பச்சை. அரிசி அளவு. குனிஞ்சு பாத்தேன். மொட்டு வெடிச்சிருக்கு. புது ஊசி நாலு வந்திருக்கு, நாலும் இடப்பக்கமா வளைஞ்சிருக்கு.

போனை எடுத்தேன். நம்பரையும் தேடினேன். அப்பதான் அவர் என்ன சொல்லுவார்னு ஒரு நினைப்பு வந்துச்சு. "அட, எங்க லிஃப்ட் ஒட்டுக்கூட கட்டுதே! பன்னெண்டுக்கு ஒண்ணு!" ஹால்ல எல்லாரும் சிரிக்கறது காதுல விழுந்துச்சு. அப்புறம் அவர் அந்தச் செடியைத் தூக்கிட்டுப் போயிடுவார். அவர் பாத்தது, அவர் பேரு வச்சது. நான் ஏறினேன், நான் கட்டினேன், என் கையில பிடிச்ச ஒரே ஒட்டு. அது அவரோட மேசையில இருபதோட இருபத்தொண்ணா நிக்கும்.

நாளைக்குச் சொல்லலாம்னு போனை வச்சேன்.

அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எடுத்து வச்சு அசத்திடலாம்னு எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கிட்டேன். கூட்டமும் வந்துச்சு. செடியைக் கார் டிக்கியில வச்சுட்டுத்தான் போனேன். உள்ள நுழைஞ்சதும் எங்க கூட்டத்துக்குத் தலைவி, ரிட்டையரான கணக்கு டீச்சர், எல்லார் காதும் கேக்கற மாதிரி, "ஆமா, அந்த ஆஸ்பத்திரி கொத்து என்னாச்சு? பன்னெண்டும் அவுட்டாமே?"ன்னு கேட்டாங்க.

எனக்கு முன்னாடி மச்சான் பதில் சொன்னார். "குச்சியே சோந்து போயிருந்துச்சு டீச்சர். வெட்டற மரம், வேரெல்லாம் அடிபட்டிருக்கும். அவர் கையில தப்பில்ல." அப்புறம் புதுசா வந்த ஒருத்தர்கிட்ட என்னைக் காட்டி, "இவர் எங்க மாப்ள"ன்னார்.

லிஃப்ட்னு சொல்லல. அன்னைக்கு மட்டும் இல்ல, அதுக்கப்புறம் சொல்லவே இல்ல. என் மனசு நொந்திருக்கும்னு அந்த ஜோக்கையே விட்டுட்டார். நான் ஆசைப்பட்ட மரியாதை கிடைச்சாச்சு. எதை வச்சுக் கிடைச்சதுன்னு எனக்குத்தான் தெரியும். செடி டிக்கியிலயே இருந்துச்சு. அப்படியே திரும்பக் கொண்டு வந்துட்டேன்.

மச்சான் மாசத்துக்கு ரெண்டு தடவை எங்க வீட்டுக்கு வர்றவர். பின்பக்கம் போய் என் நாத்தையெல்லாம் ஒரு பார்வை பாக்காம காபி குடிக்க மாட்டார். எப்படி ஒளிக்கறது? அங்கதான் என் மூளை வேலை செஞ்சுச்சு. நாத்தோட தலையை வெட்டாம விட்டேன். மேல சாதாரண பைனா வளரட்டும், அடியில இருக்கற கொத்தை அதோட கிளையே மறைச்சுக்கும். பாக்கறவங்களுக்கு ஏதோ நாத்து. எங்க ஆளுங்கள்ல எவனும் இதைப் பண்ண மாட்டான். ஒட்டு பிடிச்ச செடியோட தலையை விட்டு வைக்கறவன் ஒண்ணும் தெரியாதவனா இருக்கணும். இல்லன்னா என்னை மாதிரி எல்லாம் தெரிஞ்சவனா இருக்கணும்.

மச்சான் ஒருநாள் அதைத் தாண்டிப் போனார். "என்ன மாப்ள, இதை ஏன் வச்சிருக்கீங்க, நெடுநெடுன்னு?"

"சும்மா கிடக்கட்டும் மச்சான். வேற ஏதாவது ஒட்டுக்கட்ட ஆகும்."

"ம்"னு போயிட்டார். அன்னைக்கே அதைத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி தள்ளி வச்சேன்.

ரெண்டாவது வருஷம் என் மனைவி கண்டுபிடிச்சுட்டா. பின்பக்கம் பெருக்கிட்டிருந்தவ, துடைப்பக் கட்டையால அந்தச் செடியோட கிளையை விலக்கிப் பாத்திருக்கா. என்னைக் கூப்பிட்டா.

"இது என்னது?"

"நாத்து."

"நாத்துக்கு அடியில இருக்கறது?"

அவ குனிஞ்சு விரலால தொட்டா. "இடப்பக்கம் வளையுது. எங்க அண்ணன் குப்புறப் படுத்துத் தடவிப் பாத்தாரே, அதுதானே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? அவர் அறுபதாவது வயசுக்கா?" அவளுக்குக் கோவம் வந்தா கத்த மாட்டா, மெதுவாப் பேசுவா. அதுதான் கஷ்டம். "நான் சொல்ல மாட்டேன். உங்களைக் காட்டிக்குடுத்தா எங்க அண்ணன் மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் இந்தப் பக்கம் நான் பெருக்கறதா இல்ல."

மூணு வருஷம் பெருக்கல. நிஜமாவே பெருக்கல. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி சருகு முட்டி வரைக்கும் குவிஞ்சு கிடந்துச்சு. நான் பெருக்கலாம்னு போனா, "வேண்டாம், கிடக்கட்டும்"னுவா. அண்ணன் வந்தா, "பின்பக்கம் போகாதீங்கண்ணா, ஒரே குப்பை"ன்னு சொல்லிட்டு என்னைப் பாப்பா. அவர் தங்கச்சி சொன்னா கேட்டுப்பார். "என்ன மாப்ள, வீட்டைப் பெருக்கக்கூட ஆள் இல்லையா"ன்னு சிரிப்பார். நான் காபி டம்ளரைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்.

போன குளிர்காலக் கடைசியில தண்ணித் தொட்டி ஒழுகுச்சு. சரி பண்றதுக்காகச் சருகை ஒதுக்கிட்டு அந்தச் செடியை இழுத்தேன். நாத்து என் உயரம் வந்துடுச்சு. கிளையை விலக்கினேன். கொத்து கருகிக் கிடந்துச்சு. உள்ளங்கையில அடங்கற பந்து, முக்கால்வாசி பழுப்பு. வெளிச்சமே படாம அஞ்சு வருஷம். தேடித் தேடிப் பாத்ததுல பச்சையா இருந்தது மூணே குச்சி. தீக்குச்சி நீளம்.

இப்ப தலையை வெட்டினாலும் பயன் இல்ல, அடி ஒட்டே காஞ்சு போச்சு. அந்த மூணையும் வெட்டிப் புதுசா ஒட்டுக்கட்டணும், அதுவும் பத்து நாளுக்குள்ள. சாறு ஏற ஆரம்பிச்சுட்டா முடியாது. என் கையில பன்னெண்டுக்கு ஒண்ணு. மூணுக்கு எவ்வளவுன்னு கணக்கு டீச்சரைக் கேக்க வேண்டியதில்ல.

ஒண்ணு சொல்லிடறேன், இதை என் மனைவிகிட்டகூடச் சொல்லல. அப்படியே விட்டுடலாம்னு ஒரு நினைப்பு வந்துச்சு. இன்னும் ஒரு மாசத்துல அதுவே செத்துடும். செத்துட்டா அன்னைக்கு நான் போன்ல சொன்னது உண்மையாயிடும்ல? எல்லாம் போயிடுச்சு மச்சான், ஒண்ணுகூட இல்ல. அந்தச் சருகுக்கு நடுவுல உக்காந்து நான் இதை யோசிச்சேன். ஒரு நிமிஷம் இல்ல, நல்லா கால் மணி நேரம் யோசிச்சேன். பொய் சொன்னதைவிட அதை நினைச்சாத்தான் இன்னைக்கும் எனக்கு உடம்பு கூசுது.

அப்புறம் எழுந்து உள்ள போய்க் கத்தி எடுத்துட்டு வந்தேன். மூணு குச்சியையும் வெட்டி, ஈரத்துணியில சுத்தினேன். வைக்க ஒண்ணும் அகப்படல, டிபன் பாக்ஸ்ல வச்சு மூடினேன். என் மனைவி வாசல்ல நின்னுட்டிருந்தா.

"எங்க?"

"உங்க அண்ணன் கடைக்கு."

நான் தெருமுனை திரும்பறப்பவே பின்னாடி துடைப்பச் சத்தம் கேட்டுச்சு.

கடையில மச்சான் ஒருத்தருக்கு அளவு எடுத்துட்டிருந்தார். நல்ல தொப்பை உள்ள மனுஷர். மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கறார்.

"சார், மூச்சை விடுங்க. பேன்ட்டை நீங்க மூச்சு விட்டுக்கிட்டுத்தானே போடப் போறீங்க?" டேப்பைச் சுத்திக்கிட்டே என்னைப் பாத்தார். "வாங்க மாப்ள. உக்காருங்க. என்ன, தங்கச்சி டிபன் குடுத்து விட்டாளா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பாக்ஸை வாங்கித் திறந்துட்டார். துணியை விலக்கினார். நல்ல கண்ணு பக்கமாத் தலையைச் சாய்ச்சுப் பாத்தார். அவருக்கு ஒண்ணும் தெரியல. எப்படித் தெரியும்? அந்தக் கொத்தை அவர் பக்கத்துல வச்சுப் பாத்ததே இல்லையே. ஜன்னல் வழியா ஒத்தைக் கண்ணால பாத்ததோட சரி.

அப்புறம் ரெண்டு விரலால எடுத்து நெருடினார்.

கை நின்னுடுச்சு. கண்ணை மூடிக்கிட்டார். இன்னொரு தடவை, மெதுவா, அடியிலேருந்து முனை வரைக்கும் தடவினார்.

"மாப்ள."

"ஆமா மச்சான்."

"இது எப்பத்துலேருந்து?"

"அப்பத்துலேருந்து."

"எங்க இருந்துச்சு?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. அந்த நெடு நாத்துக்கு அடியில."

தொப்பைக்காரர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "நான் வேணா அப்புறம் வரவா?"ன்னார்.

"இல்ல சார், கையைத் தூக்குங்க"ன்னார் மச்சான். தோள், கை, நீளம்னு ஒண்ணு விடாம அளவெடுத்தார். நம்பரை அவரே சொல்லி அவரே எழுதிக்கிட்டார். அவசரமே படல. நான் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். யாராவது என்னைக் கன்னத்துல அறைஞ்சா தேவலன்னு இருந்துச்சு. இந்த மனுஷர் கணுக்கால் சுத்தளவு எடுத்துட்டிருக்கார்.

தொப்பைக்காரர் போனதும் மச்சான் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொல்லணும்னு சொல்லிட்டா. அவ மேல தப்பில்ல."

"அதான் குப்பையா?"

தலையாட்டினேன்.

"நானே வந்து பெருக்கி விடலாம்னு இருந்தேன்"ன்னார். கொஞ்சம் நிறுத்தி, "அந்த நாத்தை நான் தாண்டிப் போனேன் மாப்ள. ஒரு நாள் நின்னு கேட்டேன் உங்களை"ன்னார்.

"ஆமா."

"ஹால்ல டீச்சர்கிட்ட நான் பேசினப்ப இது எங்க இருந்துச்சு?"

"கார்ல."

அவர் திரும்பி நின்னு, வெட்டுற மேசையில கிடந்த துணியை மடிச்சு ஓரமா வச்சார். பின்னாடி ஜன்னல்கிட்ட எப்பவும் நாலஞ்சு நாத்து வச்சிருப்பார். மூணைக் கொண்டு வந்து மேசையில வச்சார்.

"மன்னிச்சுடுங்க மச்சான்"னேன். அஞ்சு வருஷமா மனசுல எழுதி வச்சிருந்த நீளமான பேச்சு ஒண்ணு இருந்துச்சு. லிஃப்ட், டிக்கி, நாளைக்கு, எல்லாம் அதுல இருந்துச்சு. அதை ஆரம்பிக்கறதுக்குள்ள அவர் கத்தியை எடுத்துட்டார்.

"தொட்டியைப் பிடிங்க. ஆடாம."

பிடிச்சேன். அவர் கத்தியைத் துணியில துடைச்சார். விளக்கைக் கிட்ட இழுத்தார். ஆபரேஷன் ஆன கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கண்ணால பாத்துக் குச்சியைச் சீவினார். தீக்குச்சி கனம் இருக்கற குச்சியில ஒரே இழுப்பு, ரெண்டாவது இழுப்பு கிடையாது. நாத்துல அதே அளவு. வச்சார். நாடா சுத்தினார். தையல் முடிச்சு போடற மாதிரி ஒரு முடிச்சு. மூணுக்கும் அரை மணி நேரம்கூட ஆகல. அந்த அரை மணி நேரமும் எங்க தலை ரெண்டும் ஒட்டாத குறையா இருந்துச்சு. அவர் மூச்சு என் கையில படுது. என்னை ஒரு தடவைகூட நிமிந்து பாக்கல.

முடிச்சதும் மூணு அட்டையும் பென்சிலும் எடுத்து என் முன்னாடி வச்சார். எங்க ஆளுங்க எந்தச் செடிக்கும் ஒரு அட்டை மாட்டுவோம். பேரு, பாத்தது யாரு, ஏறினது யாரு, கட்டினது யாரு, இது வரைக்கும் எந்த வீட்ல இருந்துச்சு. அந்தச் செடி எங்க போனாலும் அட்டை கூடவே போகும்.

"நீங்களே எழுதுங்க."

எழுதினேன். பேரு: ஏழாம் நம்பர் கட்டில். பாத்தது, ஏறினது, கட்டினது. கடைசி வரியில வந்து பென்சில் நின்னுடுச்சு.

"எழுதுங்க மாப்ள. உள்ளது உள்ளபடி."

'அஞ்சு வருஷம் என் வீட்டில், தண்ணித் தொட்டிக்குப் பின்னால், யாருக்கும் சொல்லாமல்.' மூணு அட்டையிலயும் எழுதினேன். அவர் வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு, ஒவ்வொண்ணா தொட்டியில மாட்டினார்.

"தங்கச்சியைக் கேட்டதா சொல்லுங்க"ன்னு ஷட்டரை மேல தூக்கினார்.

மூணுல ரெண்டு பிடிச்சுது. ஒரு கண்ணை மூடிட்டு, தீக்குச்சி நீளக் குச்சியில, மூணுக்கு ரெண்டு. எனக்கு அவர் போன்ல சொல்லல, தங்கச்சிகிட்டதான் சொன்னார்.

இந்த வருஷக் கூட்டத்துல ஒண்ணைக் கொண்டு வந்து மேசையில வச்சார். ஆள் ஆளா வந்து குனிஞ்சு பாத்தாங்க, ஊசியைத் தொட்டுப் பாத்தாங்க. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அட்டையைப் படிச்சாங்க. கடைசி வரிக்கு வந்ததும் உதடு அசையறது நின்னுச்சு. மச்சானைப் பாத்தாங்க. "என்ன இது, அஞ்சு வருஷம்னு போட்டிருக்கு?"

"அதுல எழுதியிருக்கறதுதான் டீச்சர்."

அவங்க என் பக்கம் திரும்பினாங்க. நான் அங்கயேதான் நின்னேன். "ஆமா டீச்சர், நான்தான்"னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டிப் பெட்டியில வச்சாங்க, டப்புன்னு ஒரு சத்தம். அடுத்த மேசைக்குப் போயிட்டாங்க. அன்னைக்கு முழுக்க அந்தச் செடியைப் பாக்க வந்த ஒவ்வொருத்தரும் அட்டையைப் படிச்சாங்க. படிச்சதும் சத்தமாப் பேசிட்டிருந்தவங்க குரல் தணிஞ்சுது. யாரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். மச்சான் என்னை யாருக்கும் அறிமுகப்படுத்தல. லிஃப்ட்டும் இல்ல, மாப்ளயும் இல்ல.

ரெண்டாவது செடி இன்னொரு வீட்டுக்குப் போகணும்ல, அது சட்டம். எங்க வீட்டுக்குத்தான் குடுத்தார். ஆனா என் கையில குடுக்கல. தங்கச்சி கையில குடுத்தார். "நீ வச்சுக்கோ. தலையை ரெண்டு வருஷத்துல வெட்டிடணும், ஞாபகம் வச்சுக்கோ"ன்னார்.

"நான் பாத்துக்கறேண்ணா."

அவ அதைப் பின்பக்கம் கொண்டு போகல. வாசல் ஜன்னல் விளிம்புல வச்சா. வர்றவங்க போறவங்களுக்குத் தெரியற மாதிரி அட்டையை வெளிப்பக்கமாத் திருப்பி வச்சா. தண்ணி ஊத்தறது என் வேலை. போன வாரம் மீட்டர் பாக்க வந்தவர் குனிஞ்சு படிச்சுட்டு, "யாருக்கும் சொல்லாமல்னு போட்டிருக்கே, ஏன் சார்?"னு கேட்டார். உள்ளேருந்து அவ கேட்டுட்டிருந்தா. நான் தண்ணி மக்கைக் கீழ வச்சுட்டு, முதல்லேருந்து சொன்னேன். பாவம், அவர் இன்னும் பத்து வீட்டுக்குப் போகணும், நின்னு கேட்டார்.

குச்சி வெட்டற சீசன் தொடங்கிடுச்சு. மச்சான் இன்னும் கூப்பிடல. பெல்ட்டைத் தொடச்சு, கொக்கிக்கு எண்ணெய் விட்டு, வாசல் ஆணியில மாட்டி வச்சிருக்கேன்.